கவிழ்த்து வைத்த தட்டு

அகில உலகமும் அறிவதாக! கிறிஸ்தவர் கால் வைத்த நிலம் கிறிஸ்தவருக்கே சொந்தம் என்ற ஐந்நூறு வருடக் கோட்பாட்டைத் திருச்சபை கைவிட்டது. கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ மக்களின் சமூகக்கூடத்தில் ஆயர் இதை இரண்டு ஒலிபெருக்கிகளில் அறிவித்தார். ஒன்று வேலை செய்தது.

வெர்னா எழுந்தாள். "அப்ப மிஷன் பள்ளிக்கூடத்து நிலம் திரும்பி வருமா, ஆயரையா? ஏழு வயசுல அங்க புடிச்சிட்டுப் போன என் தம்பி ஜெரோம் அந்த மண்ணுலதான் எங்கயோ புதைஞ்சு கிடக்கான்."

"நாங்க விட்டது கோட்பாட்டைத்தாம்மா. நிலம் வக்கீலுங்க சமாச்சாரம்."

"பொறுக்கா," என்றான் சித்தப்பா மகன் கிளாரன்ஸ். "கோட்பாட்டை விடவே ஐந்நூறு வருஷம். நிலத்துக்கு இன்னொரு ஐந்நூறு ஆகாதா?"

கூட்டத்துக்குப் பின் விருந்து; அதில் முதல் தட்டு எப்போதும் இறந்தவர்களுக்கு. வெர்னா மூஸ் மான் கறியும் ரொட்டியும் கரண்டியோடு எடுத்துப்போய், தம்பியின் பெயரைச் சொல்லிக் காட்டோரத்து மரத்தடியில் வைத்தாள். காக்கையும் நாயும் தின்று தட்டை உருட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம்.

காலையில் போய்ப் பார்த்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கரண்டி நேராக இருந்தது. விளிம்பில் இன்னும் ஈரம்.

"இங்க குழாயே கிடையாதேக்கா," என்றான் கிளாரன்ஸ்.

வெர்னாவும் அதே பள்ளியில் இருந்தவள். சாப்பிட்டதும் தட்டைக் கழுவி அப்படிக் கவிழ்க்காத பிள்ளையைக் கன்னியாஸ்திரிகள் வாரால் அடிப்பார்கள். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் பயந்துகிட்டுதான்டா இருக்கான்."

பள்ளியை மூடி முப்பது வருடமாகிறது.