சௌந்தரவல்லி பெயரில் ஒரு திட்டு

நெட்டில் கமெண்ட் போடுகிறவரின் பெயர், முகம், வீட்டு எண் மூன்றும் கூடவே தெரியும் என்று ஆனதும் ஊரே ஒரே நாளில் சாதுவாகிவிட்டது. என் மனைவி சௌந்தரவல்லி மட்டும் மாறவில்லை. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். முகத்துக்கு நேராகத் திட்டித்தான் பழக்கம்.

அதனால் எங்கள் குடியிருப்பில் யாருக்காவது யாரையாவது திட்ட வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்வார்கள். அவள் தன் பெயரிலேயே போட்டுவிடுவாள். வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பது என் வேலை.

போன ஞாயிறு, தான் பாடிய பாட்டு ஒன்றை நெட்டில் ஏற்றினாள். வந்த கமெண்டெல்லாம் ‘அருமை’, ‘தேன் குரல்’. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு மரியசெல்வம் வந்து நெளிந்தார்.

“அக்கா, ஒரு கமெண்ட் போடணும்.”

“யாருக்கு?”

“உங்க பாட்டுக்குத்தான்க்கா.”

அவரை ஒரு நிமிடம் முறைத்துவிட்டுப் போனை எடுத்தாள். “ம், சொல்லுங்க.”

“தகரத்த ரோட்டுல இழுக்கிற மாதிரி இருக்கு.”

ஓர் எழுத்து மாற்றாமல் தன் பெயரில், தன் முகத்தோடு போட்டாள். “ஏங்க, தம்பிக்குக் காபி!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

காபியை அவரிடம் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எனக்கும் ஒரு கமெண்ட் போடணும்” என்றேன்.