குறட்டை விடும் ஸ்பேனியல்

நாய்க் காப்பகத்துக்கு வந்த தையல்காரம்மாவுக்குப் பிடித்துப்போனது, காது தொங்கும் வயதான ஸ்பேனியலைத்தான்.

"இதையே எடுத்துக்கறேன்மா," என்றார்.

பொறுப்பாளர் பெண்ணின் முகம் வாடியது. "ரொம்ப வயசாயிடுச்சுங்க. ஒரு கண்ணு மங்கல். மாத்திரை கொடுத்தா துப்பிடும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். பழகிப்போச்சு."

"குறட்டை விடும். வீடே அதிரும்."

"விடட்டும்."

"கட்டில் நடுவுல படுத்துக்கிட்டு நம்மள ஓரத்துக்குத் தள்ளிடும். விடியறதுக்குள்ள போர்வையும் போயிடும்."

தையல்காரம்மா வரிசையாக இருந்த கூண்டுகளைப் பார்த்தார். "ஏம்மா, இங்க கட்டிலே இல்லையே?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "தினமும் சாயங்காலம் என்கூடவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். காலையில திரும்ப வரும்போது, இன்னைக்கு யாரும் இதைக் கேட்டுடக் கூடாதேன்னு மனசு அடிச்சுக்கும்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? நீயே வச்சுக்கோம்மா." தையல்காரம்மா சிரித்தபடி, மூலைக் கூண்டிலிருந்த இன்னொரு கிழட்டு ஸ்பேனியலைக் காட்டினார். "சரி, இது எப்படி?"

"இதுவா? சொக்கத் தங்கம்மா," என்றாள் அவள், கூண்டின் கதவைத் திறந்துகொண்டே. "ஒரு குறை சொல்ல முடியாது."