கேரியர் போல்ட்டின் புதுத் துணை

மீன்பெட்டி சுமக்கும் மொபெட் ஒன்றில், கேரியரைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்துவது ஒரு போல்ட்டின் வேலை. சட்டத்தின் துளையில் பதித்திருந்த, போல்ட் திருகி இறங்க உள்ளே மரை வெட்டிய மரைக்குழல்தான் அதற்குத் துணை. துளையில் பிடிப்பு விட்டதிலிருந்து குழல் வெகு இணக்கமாகிவிட்டது.

“நீங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் நானும் அந்தப் பக்கந்தான் அண்ணே” என்றது.

போல்ட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கேரியர் கடகடவென்று ஆடியது.

“நான் பெட்டியோட ரோட்டுல விழுறப்போ, உங்க ஒத்துமையை ஊரே பார்க்கும்” என்றது அது.

மெக்கானிக் செபஸ்தியான் ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். “ரெண்டும் சேர்ந்தே சுத்துது” என்று பழைய குழலைக் குடைந்து எடுத்துவிட்டு, சற்றுப் பருத்த புதுக் குழலைத் துளையில் இறுக்கிப் பதித்தார்.

போல்ட் உற்சாகமாக உள்ளே இறங்கியது. பாதி தாண்டியதும் புதுக் குழல் முறுக்கிக்கொண்டது.

“நீங்க திரும்புங்க. நான் திரும்ப முடியாது.”

“நான் யாருன்னு தெரியுமா?”

“யாரா இருந்தா என்ன? முடியாது.”

போல்ட் முழு பலத்தோடு திமிறியது. குழல் அசையாததால் போல்ட் மட்டும் திரும்பித் திரும்பிக் கடைசிவரை இறுகியது. கேரியர் சட்டத்தோடு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

பெட்டியை ஏற்றிக்கொண்டு மொபெட் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியது. கேரியரிடமிருந்து சத்தமே இல்லை. போல்ட்டுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

“தம்பி, இன்னொரு தடவை முடியாதுன்னு சொல்லு” என்றது.