எந்தப் பக்கத்துச் சொந்தம்

அதிகாரி இரண்டு சீட்டுகளையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

கடல் தாண்டி வந்து நானும் என் கணவரும் பதினொரு மாதமாகக் காத்திருந்தது அவருடைய ஒரு கையெழுத்துக்காகத்தான். அது விழுந்துவிட்டால், நாங்கள் தத்தெடுக்கக் கேட்டிருந்த மூன்று வயதுக் குட்டி எங்கள் மகள்.

குட்டி அப்போது அக்காவின் மடியில் உட்கார்ந்து, அவருடைய கைப்பை ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அண்ணன், அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். பதினொரு மாதமும் நாங்கள் தங்கியிருந்தது அவர்கள் வீட்டில்.

சட்டப்படி அவர்கள் இருவரும் ஒரே ஒரு கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் எழுதித் தர வேண்டும். உங்கள் வீட்டில் தங்கியிருப்பவர்கள் உங்களுக்கு என்ன உறவு? பதில்கள் ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பு முதல் மேசைக்குத் திரும்பிவிடும். அந்த மேசையிலிருந்து இந்த மேசைக்கு வந்து சேரத்தான் எங்களுக்குப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

அதிகாரி சீட்டுகளை உரக்கப் படித்தார்.

அண்ணன் எழுதியிருந்தது: மனைவி பக்கத்து உறவு.

அக்கா எழுதியிருந்தது: கணவர் பக்கத்து உறவு.

"யாரோ ஒருத்தர் தப்பா எழுதியிருக்கீங்க. பேசிக்காம திருத்திக் குடுங்க," என்று ஆளுக்கொன்றாகத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அக்காவைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் எங்களை அப்படிப் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

தத்தெடுப்பு அலுவலகம் ஏற்பாடு செய்த வீடு அது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கடிதத்தில் நான்காம் மாடி என்றும் ஒரு பெண்ணின் பெயரும் இருந்தது. வந்து இறங்கிய அன்று லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. கதவை நெம்பித் திறந்து எங்களை வெளியே இழுத்தவர் அண்ணன். அது எந்த மாடி என்று பார்க்கிற நிலையில் நாங்கள் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்க்கவும் இல்லை.

"அக்கா இருக்காங்களா?" என்று மட்டும்தான் கேட்டேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிகளைத் தூக்கித் தன் வீட்டுக்குள் வைத்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தபோது என் கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அண்ணே, கொஞ்சம் தண்ணி என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை.

நம் ஆட்களுக்கு வாயைத் திறந்தால் வழியில் போகிறவர்கள் எல்லாரும் அக்கா, எல்லாரும் அண்ணன். அதை நம்பி ஒரு வீடு பதினொரு மாதம் ஓடியிருக்கிறது. கேட்கத்தான் முடியுமா? புருஷன் வீட்டு ஆளை யார் இது என்று கேட்டால் சண்டை. பெண்டாட்டி வீட்டு ஆளைக் கேட்டால் அன்றைக்குச் சோறே கிடையாது.

தங்கள் படுக்கையறையை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு விசாரணைக்கும் அக்கா விடுப்பு போட்டுக் கூட வந்தார். குட்டி வாரக்கடைசிகளில் வந்து போக ஆரம்பித்ததும் அண்ணன் பழைய லிஃப்ட் கம்பிகளை அறுத்து அவளுக்கு ஒரு கட்டில் செய்தார். அதில் யானையே படுக்கலாம். ஆறாவது முறையாக விசாரணை தள்ளிப்போனபோது, ஊருக்கே போய்விடலாம் என்று அழுத என் கணவரை அக்கா எதிரில் உட்காரவைத்து அரைமணி நேரம் திட்டினார்.

நன்றி என்று நான் ஆரம்பித்தாலே அவருக்குக் கோபம் வரும். சொந்தத்துக்குள் என்ன நன்றி என்பார். நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் மாடியில் யாரோ ஓர் அம்மா எங்களுக்காகப் படுக்கை விரித்துப் பதினொரு மாதம் ஆகியிருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். என் கணவர் மேசைக்கடியில் என் காலை நசுக்கினார்.

அண்ணன் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அக்கா ஒரு கையால் குட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதினார். இருவரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கவில்லை.

அதிகாரி மறுபடியும் படித்தார்.

அண்ணன்: என் பக்கத்து உறவுதான். மனைவிக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

அக்கா: என் பக்கத்து உறவுதான். அவருக்கு ஞாபகமறதி.

குட்டி ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். கோப்பு முதல் மேசைக்குக் கிளம்பிவிட்டது என்றே நினைத்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதிகாரி எங்கள் நான்கு பேர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு பக்கமும் சொந்தமா?"

அக்காவும் அண்ணனும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். கொஞ்சம் பிந்தி நாங்களும் ஆட்டினோம்.

உறவு என்ற இடத்தில் அவர் 'இரு பக்கமும்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் அடக்கிவைத்த அழுகையெல்லாம் கொட்டியது. என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அண்ணன் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா குட்டியை இடுப்பில் வைத்தபடி என்னைத் தனியாக ஒரு தூணருகே கூட்டிப்போனார்.

"அது சரி, நீங்க ரெண்டு பேரும் யாரு?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"இரு, இரு. புள்ளைக்குப் பசிக்கும். வீட்டுக்குப் போய் சாப்பிட்டுட்டுச் சொல்லு."