இன்ரவியூ முடியட்டும்

பெருநாளுக்குக் கட்டும் நீலப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள் யோசெப்பின். கண்ணாடியைப் பார்த்து முகத்துக்குக் கொஞ்சம் பவுடரும் போட்டாள்.

"அக்கா, இண்டைக்குப் போய் பட்டோ?" என்றாள் தங்கை றோசா.

"என்ரை கண் சிவந்திருக்கு. பிள்ளை சேலையைப் பார்த்தானெண்டா முகத்தைப் பார்க்கமாட்டான்."

முதல் நாள் பூசை முடிந்த கையோடு, வில்லரேத் தமிழ்க் கோயிலிலிருந்து ஓடிவந்து றோசா அந்தச் செய்தியைச் சொல்லியிருந்தாள். யோசெப்பினின் மூத்த மகன் டெனிஸ்டன் வன்னியில் ஷெல்லடியில் செத்துப்போனான். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், இவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துக் கோயில் வாசலில் துக்கம் விசாரித்திருக்கிறாள். ஊர்ப் பங்குச் சுவாமியே அடக்கம் செய்தாராம். அதற்கு மேல் கேட்க றோசாவுக்கு நா எழவில்லை.

யோசெப்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, இளையவன் றெனோல்டுக்கு இது தெரியுமா என்பதுதான். தெரியாது என்றதும் சொன்னாள்:

"அப்ப இன்ரவியூ முடியட்டும்."

பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மருத்துவம் படிக்க விண்ணப்பித்திருந்த றெனோல்டுக்கு இன்றைக்குத்தான் நேர்முகம். அவனுடைய பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. முதல் வருடம் முன்னுக்கு நின்ற பிள்ளை, அந்த வருடம் இரண்டு பாடத்தில் பெயில். மற்றவற்றில் தட்டுத்தடுமாறிக் கரையேறினான். இப்போது பழையபடி கெட்டிக்காரன்தான். ஆனாலும் மற்றப் பல்கலைக்கழகங்கள் அந்த ஒரு வருடத்தைப் பார்த்தே கைவிரித்துவிட்டன. கூப்பிட்டது இது ஒன்றுதான். இங்கேயும் அந்த வருடத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள்.

ஏன் அப்படி ஆனது என்று வீட்டில் கேட்டால் வாய் திறக்கமாட்டான். மெட்ரோவில் அவனோடு நின்று கதைத்த வினோஜா என்ற பெண்தான் காரணம் என்று யோசெப்பின் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். அதுவும் சைவப் பெட்டை என்று றோசாவிடம் சொல்லிக் குறைபட்டிருக்கிறாள்.

வெள்ளைச் சேட்டும் கழுத்தில் ரையுமாக றெனோல்ட் குசினிக்குள் வந்தான். அவன் கண் முதலில் சேலையில்தான் விழுந்தது.

"என்னம்மா, இன்ரவியூ எனக்கோ உங்களுக்கோ?" என்றான். "குளிசை போட்டாச்சோ?"

"போட்டாச்சு. கொண்ணை சொன்னதை நான் தட்டுவனோ?" சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறசர் குளிசையை றெனோல்ட் கெஞ்சியும் அவள் போட்டதில்லை. டெனிஸ்டன் சொன்ன பிறகுதான் போடத் தொடங்கினாள். வன்னியிலிருந்து வீட்டு நம்பருக்கு லைன் கிடைப்பதில்லை என்று, இப்போதெல்லாம் தம்பியின் கைப்பேசிக்குத்தான் எடுப்பானாம். உப்பைக் குறைக்கட்டாம், கால் வீங்கினால் தலையணை வைத்துப் படுக்கட்டாம் என்று றெனோல்ட் வந்து சேதி சொல்லுவான். "லொறி ஓடினவன் டொக்டர் மாதிரிக் கதைக்கிறான்" என்று றோசா சிரிப்பாள். போன மாதமும் அப்படி ஒரு சேதி வந்தது.

அம்மாவுக்குச் சுகமில்லையோ என்று அவன் சின்னம்மாவிடம் கேட்டான். தடிமன், மூக்கடைப்புத்தான் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தாள் றோசா. பனி உறைந்த வெளிப் படிக்கட்டில் அவன் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்குவதை யோசெப்பின் ஜன்னலில் நின்று பார்த்தாள். செயின்ட்-மிஷேல் பஸ் அவனை ஏற்றிக்கொண்டு திரும்பியதும், பட்டுச் சேலையோடு நிலத்தில் இருந்துவிட்டாள்.

பின்னேரம் அவன் வந்தபோதும் அதே சேலைதான். டெனிஸ்டனின் படமும் ஒரு மெழுகுதிரியும் மேசை லாச்சிக்குள் ஆயத்தமாக இருந்தன.

றெனோல்ட் வாசல் கதிரையில் இருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

"அந்த வருசத்தைப் பற்றிக் கேட்டவையோ?"

"ஓம். அதைத்தான் முதல் கேட்டவை."

"என்ன சொன்னனி?"

"வீட்டிலை ஒரு சாவு எண்டு சொன்னன்."

யோசெப்பின் திகைத்துப்போனாள். "அப்பா செத்தது நீ பள்ளிக்கூடம் போகேக்கையல்லோ? பொய்யெண்டு பிடிக்கமாட்டினமோ?"

"பிடிக்கமாட்டினம்."

ஒரு பெட்டைக்காக இப்படி ஒரு பொய்யா என்று வேறொரு நாளாயிருந்தால் பேசியிருப்பாள். இன்றைக்கு அதற்குத் தெம்பில்லை. இன்ரவியூவும் முடிந்துவிட்டது. இனி ஒளித்து வைக்க ஒரு காரணமும் இல்லை.

றோசா லாச்சியைத் திறந்தாள். யோசெப்பின் மகனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து அவன் தலையைத் தடவினாள்.

"அம்மா உனக்கு ஒண்டை ஒளிச்சுப்போட்டன், ராசா. இந்த இன்ரவியூ கெட்டுப்போகக் கூடாதெண்டுதான். கொண்ணை இல்லையடா. எங்கடை டெனிஸ்டன் செத்துப்போனான்."

கயிற்றில் இருந்த கை அப்படியே நின்றது. றெனோல்ட் மெல்ல நிமிர்ந்து சின்னம்மாவைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"உங்களுக்கு ஆரம்மா சொன்னது?"