எண்ணிச் சொல்லுங்க

"எத்தனைன்னு கரெக்டா எண்ணிச் சொல்லுங்கம்மா. ஒண்ணு கூட விட்டுப்போகக் கூடாது."

வெங்கட்ரமணன் இதோடு மூன்றாவது தடவை சொல்லிவிட்டார். அல்வாலில் ஏதோ அபார்ட்மெண்டுக்கு அசோசியேஷன் செக்ரட்டரியாம். கூட்டி வந்திருப்பதோ ஒரு தெருநாய். நிறைசினை. இன்னும் நாலைந்து நாளில் குட்டி போட்டுவிடும்.

திருமுல்கேரி கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் ஸ்டெல்லாவுக்குச் சுருக்கென்றது. அசோசியேஷன்காரர்களை அவளுக்குத் தெரியாதா? போன மாசம்தான் அவள் காலனியில் ஏழு குட்டிகளைக் கோணியில் கட்டி எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டார்கள். தாய் மூன்று நாள் வீடு வீடாகப் போய் நின்று அழுதது. நன்றாயிருப்பார்களா அந்தப் பாவிகள்?

"எதுக்கு சார் எண்ணிக்கை? நாய் நல்லாயிருக்கான்னு கேட்கலாமில்ல?"

"அதை டாக்டர் பார்த்துட்டாரும்மா. எனக்கு நம்பர்தான் வேணும்."

நம்பராம், நம்பர்!

அவருடைய போன் அடித்தது.

"ஆங், கிருஷ்ணகுமார்... இதோ, இப்பச் சொல்லிடுவாங்க. குட்டி போட்ட உடனே கீழ செல்லார்லேர்ந்து மொத்தத்தையும் எடுத்துடணும். கார் நிறுத்துற இடத்துல ஒண்ணு கூட இருக்கக் கூடாது. வாட்ச்மேனைக் கூடை எடுத்து வைக்கச் சொல்லு."

ஸ்டெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு நாயைப் படுக்க வைத்தாள். அது அவள் கையை நக்கியது.

திரையில் சின்னச் சின்ன முதுகெலும்புகள். தலைகளை எண்ணினாள். அஞ்சு. மறுபடி எண்ணினாள். அஞ்சேதான்.

பதினோரு வருஷ வேலையில் அவள் பொய் சொன்னதில்லை. மாதாவே, மன்னிச்சுக்கோ. ஒண்ணாவது இந்த ஆளிடமிருந்து தப்பட்டும்.

"நாலு சார்."

"நிச்சயமா?"

"நாலேதான்."

உள்ளங்கையில் பேனாவால் '4' என்று எழுதிக்கொண்டார். பிறகு குனிந்து நாயின் கழுத்தைத் தடவினார்.

"போன வருஷ மழையில செல்லாருக்குள்ள திடீர்னு தண்ணி ஏறிடுச்சும்மா. நானும் வாட்ச்மேனும் இடுப்பளவு தண்ணியில இறங்கி மூணு குட்டியை எடுத்து மாடியில விட்டோம். மூணுதான்னு நினைச்சோம். இவ மட்டும் திரும்பத் திரும்பத் தண்ணிக்கே ஓடினா. புரியாம, மாடியிலேயே கட்டிப்போட்டேன்."

நாயின் காதை நீவிவிட்டார்.

"தண்ணி வடிஞ்ச பிறகுதான் பார்த்தோம். நாலாவது, ஜெனரேட்டருக்குப் பின்னால கிடந்துது. அதையே மோந்து மோந்து பார்த்துட்டு இவ ஒரு வாரம் சாப்பிடலை. இந்தத் தடவையும் எங்கே கூட்டிப்போனாலும் அந்த செல்லாருக்கே ஓடிடறா. எத்தனைன்னு தெரிஞ்சா எண்ணி எடுத்துடலாம் பாருங்க. வரேன்மா."

நாயைக் கூட்டிக்கொண்டு கதவு வரை போய்விட்டார்.

"சார்! நில்லுங்க!"

திரும்பினார். ஸ்டெல்லாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அஞ்சு சார். நான்தான்... ஒண்ணை விட்டுட்டேன்."