ஐந்தாவது ஃபவுல்

"மூண்டு வருசமா உன்ர ஜேர்சியைத் தோய்ச்சுக் காயப்போடுறன். நீ விளையாடி ஒருக்காலும் பாக்கேல்லை. நாளைக்கு லீவு எடுத்திட்டன், வாறன்" என்றார் உதயகுமாரி.

அந்த ஜேர்சியில் இருந்த வேர்வை முழுக்கப் பயிற்சியில் பட்டது, ஆட்டத்தில் பட்டது ஒரு சொட்டும் இல்லை என்று யதுர்ஷா அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்?

"வேண்டாம் அம்மா. உங்களுக்குக் கால்நோ."

"முதியோர் இல்லக் குசினியில சமைச்சுக்கொண்டு நிக்கிற காலுக்கு, ஒருநாள் இருந்து பாத்தால் சுகம்தான்."

பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. தானாகப் போய்க் கேட்டுச் சேர்ந்தவள். மூன்று வருடம் களத்தில் இறங்காமல், ஓரத்து வாங்குப் பலகையில் இருந்து கைதட்டியே களைத்துவிட்டாள். நாளையோடு அதுவும் முடிகிறது. கடைசி ஆட்டம்.

இமெல்டா வேறு ரகம். தூரத்து ஸ்தவாங்கர் நகரில் இருந்து படிக்க வந்தவளை அணியே தேடிப்போய்ச் சேர்த்தது. இரண்டு பேரும் தமிழ்ப் பிள்ளைகள்தான். ஆனாலும் 'ஹாய்' என்பதற்கு மேல் ஒரு கதை இல்லை.

அடுத்த நாள் காய்ச்சலில் பாதி அணி வரவில்லை. வாங்கில் யதுர்ஷா மட்டும்தான். அப்படியிருந்தும் பயிற்சியாளர் அவள் பக்கம் திரும்பவில்லை. அதே ஐந்து பேரையே ஓடவிட்டார். மேலே பார்வையாளர் வரிசையில், ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்தபடி அம்மா இருந்தார். யதுர்ஷா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கடைசி இரண்டு நிமிடம். எதிரே ஆடிய துரொண்ட்ஹெய்ம் அணியைவிட மூன்று புள்ளி முன்னால் நின்றார்கள். இன்னும் ஒரு கூடை போட்டால், இந்த வருடம் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவள் இமெல்டாதான்.

அப்போதுதான் அவள் அந்த வேலையைப் பார்த்தாள். பந்து எங்கோ கிடக்க, நடுவருக்கு முன்னாலேயே எதிரணிப் பெண்ணின் ஜேர்சியைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல். ஐந்து ஃபவுல் செய்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும்.

பயிற்சியாளர் கத்தினார். இமெல்டா தலையைக் குனிந்துகொண்டு வந்து வாங்கில் இருந்தாள். வேறு வழியில்லாமல் அவர் யதுர்ஷாவைக் கை காட்டினார்.

யதுர்ஷா உள்ளே ஓடினாள். ஒருதரம் பந்தைப் பறிகொடுத்தாள். ஒருதரம் எறிந்தாள், விழுந்தது. மூன்று வருடத்தில் முதல் கூடை. மேலே அம்மா எழும்பி நின்று கைதட்டியது கேட்டது.

ஒரு புள்ளியால் தோற்றார்கள்.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் இமெல்டாவை ஏசினார்கள். யதுர்ஷாவுக்கும் மூன்று வருடக் களைப்பு வாயில் வந்து நின்றது. மற்றவர்களுக்கு விளங்காதபடி தமிழில் சொன்னாள்:

"கோபத்தை அடக்கேலாதெண்டால் ஏன் விளையாட வாறாய்? உன்னாலதான் தோத்தம்."

இமெல்டா சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "ஓம், பிழைதான்" என்றாள்.

வீடு திரும்பும் லில்லெஸ்ட்ரோம் ரயிலில் அம்மா முகம் நிறையச் சிரிப்போடு இருந்தார்.

"நல்லா ஓடினாய். அது சரி, வெளியில வரேக்கை அந்தத் தமிழ்ப் பிள்ளையை ஏன் எல்லாரும் ஏசிக்கொண்டு வந்தவை?"

"அவளுக்குச் சரியான தடிப்பு அம்மா, தான்தான் பெரிய ஆள் எண்ட நினைப்பு."

"சும்மா இரு. நல்ல பிள்ளை அது. இடைவேளைக்கை என்னட்டை வந்து, 'நீங்கள் யதுர்ஷான்ர அம்மாவோ' எண்டு கேட்டது. ஓம், மூண்டு வருசத்தில இண்டைக்குத்தான் பாக்க வந்தனான், பிள்ளையை இன்னும் இறக்கேல்லையே எண்டன். 'கடைசியில கட்டாயம் இறங்குவா அன்ரி, எழும்பிப் போயிடாதேங்கோ' எண்டு சொல்லிப்போட்டுப் போனது."